எட்டாவது ஓடை

தேங்காய்நாரை நனைத்துப் பிழிந்து, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, குந்திய வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து அஞ்சலாட்சி ஆற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடல் சேருகிற வாயில் ஆரம்பித்து மேற்கே ரயில் பாலம் வரைக்கும் தேய்த்தாக வேண்டும், ஏழு ஓடைகளுக்குள்ளும் பழைய பல் பிரஷை விட்டுப் பாசியைச் சுரண்டியாக வேண்டும், வடகரைக் கோயிலுக்கு எதிரே எறும்பு செத்துக் கிடந்தால் பொறுக்கியாக வேண்டும், எல்லாம் பத்து மணிக்குள், ஏனென்றால் பத்து மணிக்கு மோட்டாரைப் போட்டு ஆற்றுக்குள் கடலை விடுவார்கள்.

நாற்பதடி நீளத்துக்குத் தகரக் கொட்டகை, அதற்குள் சிமெண்டில் கட்டிய செம்பியாறு. துறைமுகத்துக்கான கல்சுவரைக் கடலுக்குள் எங்கே போட்டால் நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பும், ஏத்தத்தில் தண்ணீர் எதுவரை ஏறும், தண்ணீர் வடிகிற வத்தத்தில் மண் எங்கே படியும் என்று சின்னதில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெரியதில் கட்டலாம் என்று பட்டணத்து ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள் வந்து கட்டியது. அங்கே முந்நூறு அடி, இங்கே ஓரடி. அங்கே ஆறு மணி நேரம் ஏறுகிற தண்ணீர் இங்கே இருபது நிமிஷத்தில் ஏறி நிற்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன அஞ்சலாட்சிக்கு அந்தக் கணக்கெல்லாம் வராது, ஆனால் ஆறு மாதம் தேய்த்த கைக்கு அளவு தெரியும், இங்கே ஒரு விரற்கடை என்றால் அங்கே ஒரு படகு நீளத்துக்குக் கொஞ்சம் குறைச்சல், இங்கே ஒரு முழம் என்றால் அங்கே கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

இன்றைக்குக் கடைசி ஓட்டம். துறைமுக ஆபீசர்கள் வந்து நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கொட்டகையைப் பூட்டிச் சாவியைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அதற்குப் பிறகு சின்ன ஆற்றில் எது இருக்கிறதோ அதுதான் என்றைக்கும் பெரிய ஆறு. பன்னிரண்டு மணிக்குத் தென்கரையில் அவள் ஊரான ஓடைக்குடியின் முக்கில், வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற செங்கல் சூளை வேன் வந்து நிற்கும். வறண்டு கிடக்கிற ஊர் ஓடையில் தண்ணீர் வந்தால் போக வேண்டாம், வராவிட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளையோடு ஏறிவிடலாம் என்று அவள் புருஷன் பரசு சொல்லியிருந்தான். ஏற்கெனவே ஆறு குடும்பம் ஏறிப் போயிருந்தது, போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்து சூளை எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. ஏழு மாதத்துப் பிள்ளை கொட்டகையின் இரும்புக் குழாயில் கட்டிய தூளிக்குள் தூங்கியது. ஆஸ்பத்திரி நர்ஸ் வைத்த பெயர் தர்ஷிணி, அது வீட்டில் யார் வாயிலும் நுழையாததால் பாப்பா.

சின்ன ஆற்றில் மோட்டார் ஓடும்போது எது கிடக்கிறதோ அது அடுத்த ஏத்தத்தில் பெரிய ஆற்றுக்கு வந்துவிடும். இது இரண்டு கரையிலும் எல்லோருக்கும் தெரிந்து, தெரிந்தது பழகி, பழகியது சலித்தும் போன விஷயம். முதல் மாதத்தில் ஒரு வேப்பிலை மூன்றாம் ஓடையில் விழுந்ததை அஞ்சலாட்சி கவனிக்காமல் விட, மறுநாள் விடியலில் வடகரைப் படகுகள் பெரிய மூன்றாம் ஓடைக்குள் நுழைய முடியாமல் வரிசையாக நின்றன, ஐம்பதடி நீளத்தில் ஒரு வேப்பிலை, விளிம்பெல்லாம் ரம்பப் பல்லோடு, பச்சை மாறாமல் குறுக்கே படுத்திருந்தது. ஊரார் பார்த்தார்கள், அரிவாள் கொண்டுவந்து வெட்டிப் பங்கு போட்டார்கள், அந்தக் கோடையில் அம்மை கண்ட வீட்டுக்கெல்லாம் அந்த ஓர் இலையே போதுமானதாக இருந்தது. நீரோட்டத்தின் வழி கண்ணுக்குத் தெரிவதற்காக எஞ்சினியர் சுதாகர் காகிதத்தில் துளை போடும் மிஷினின் வயிற்றிலிருந்து வெள்ளைப் பொட்டுகளை எடுத்துத் தண்ணீரில் தூவினால், மறுநாள் பாய் அகலத்துக்கு வட்ட வட்டமாய்த் தாள்கள் கடலிலிருந்து ஊர்வலமாக ஏறி வந்தன, பெண்கள் அவற்றைக் கரையில் இழுத்துப் போட்டு மேலே கருவாடு காயவைத்தார்கள். கத்திரிப்பூ நிறத்தில் சாயம் கரைத்துவிட்ட வாரத்தில் மடவை மீனெல்லாம் கத்திரிப்பூவாக வந்தது, வியாபாரிகள் முதலில் முகம் சுளித்து, பிறகு இது தனி ஜாதி மீன் என்று சொல்லி விற்றார்கள், சாயம் போனதும் எங்கேய்யா அந்த மீன் என்று சண்டைக்கு வந்தார்கள். கன்றுக்குட்டி அளவில் ஓர் எறும்பு படித்துறையில் செத்து ஒதுங்கியபோது மட்டும் கொஞ்சம் பேச்சு எழுந்தது, அதுவும் அதை எரிப்பதா புதைப்பதா என்றுதான்.

சுதாகருக்கும் ஆச்சரியம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. நல்ல மனிதர், முப்பது வயதுக்குள், அவளை வாம்மா போம்மா என்றுதான் கூப்பிடுவார், டீ வாங்கி வந்தால் பாதியை அவள் டம்ளரில் ஊற்றுவார். பெரிய ஆற்றில் நட்டுவைத்த அளவுகோல்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சின்ன ஆற்றின் அளவுகளோடு வைத்துப் பார்ப்பார், இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போகும், உடனே மேஜையைத் தட்டி, "நூத்துக்கு நூறும்மா! எந்த நாட்டுலயும் ஒரு மாடல் இப்படி ஒத்துப்போனது கெடையாது" என்று, சொல்வதற்கு வேறு யாரும் இல்லாததால் அவளிடம் சொல்வார். எதைப் பார்த்து எது நடக்கிறது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டிருந்தால் நூறு கெட்டுப்போயிருக்கும்.

எல்லாவற்றுக்கும் முதல் தப்பு எண்ணிக்கையில் நடந்தது. செம்பியாற்றில் ஒரு முறை உண்டு. ஓடைகளை வடகரை ஊரார் பாடு பாடாகப் பிரித்து, கோயில் முன்னால் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன வலை இன்ன ஓடையில் என்று எழுதி வைத்திருந்தார்கள், பாடு உள்ள ஓடைக்குத்தான் ஊரில் மரியாதை, பாடு இல்லாத ஓடை மழைத்தண்ணி தேங்கின பள்ளத்தோடு சேர்த்தி. தென்கரையில் ஓடைக்குடிக்குப் போகும் எட்டாவது ஓடைக்குப் பாடு கிடையாது, ஏனென்றால் அதில் வலை இறங்கியதில்லை, படகு நுழைந்ததில்லை. ஓடைக்குடிப் பெண்கள் அதில் முழங்காலால் தவழ்ந்து போவார்கள், சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டு இறாலைத் தடவித் தடவிப் பிடிப்பார்கள், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள், கை இரண்டும் சேற்றில் இருக்கும்போது பறியைப் பிடிக்க வேறு என்ன இருக்கிறது. அதனால், பெண்கள் மட்டும் இறங்குவதால் பொண்டு ஓடை என்று பேர் விழுந்த அதில் பேச்சுச் சத்தம் கேட்காது. ஏத்தம் ஆரம்பித்ததிலிருந்து வத்தம் முடிகிறவரை நாற்பது பெண்கள் வாய் திறக்காமல் தவழ்ந்துகொண்டிருப்பார்கள், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அங்கே யாருமே இல்லாததுபோல இருக்கும்.

கொட்டகைக்கு அடித்தளம் போட்ட அன்று சுதாகர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வடகரைக்குத் தலைவரான நாட்டார் தெய்வநாயகத்தைக் கேட்டார், "ஐயா, கடல்வாயிலேருந்து பாலம் வரைக்கும் மொத்தம் எத்தனை ஓடைங்க?"

நாட்டார் கண்ணை மூடி, சீட்டுப் போடுகிற வரிசையிலேயே ஒவ்வொரு விரலாக மடக்கினார். "ஏழு சார். எங்க பாட்டன் காலத்துலேருந்து ஏழுதான்."

அவர் பொய் சொல்லவில்லை, பொய் சொல்லியிருந்தால் கூட அதில் எட்டாவது ஓடைக்கு ஓர் இடம் இருந்திருக்கும். சித்தாள் வேலைக்கு வந்திருந்த அஞ்சலாட்சி நிறைமாத வயிற்றோடு, தலையில் கலவைச் சட்டியோடு, நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். எட்டு என்கிற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. வந்து, பறியைக் கவ்விப் பழகிய இரண்டு வரிசைப் பல்லும் தானாகச் சேர்ந்துகொண்டதில் உள்ளேயே நின்றுவிட்டது. சட்டியைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது, பொண்டு ஓடை இருக்க வேண்டிய இடத்தில் மேஸ்திரி வழுவழுவென்று பூசி முடித்திருந்ததைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நடந்ததில் ஈர சிமெண்டில் வலது காலை வைத்துவிட்டாள், இரண்டு உயிரின் கனம் இருந்த கால், ஆழமாகப் பதிந்தது.

"ஏம்மா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்திய மேஸ்திரி, கரணையை எடுத்துக்கொண்டு, "மறுபடி பூசி விட்டுரவா சார்?" என்று கேட்டார்.

"விடுங்க மேஸ்திரி, அந்த எடத்துல ஒண்ணும் இல்ல, வெறும் மண்ணுதான்" என்றார் சுதாகர்.

பாப்பா பிறந்த பதினோராம் நாள் மோட்டாரை முதல் தடவை போட்டார்கள். அன்று சாயங்காலம் பெண்கள் பறியோடு போய் உட்கார்ந்திருக்க, ஏத்தத்துத் தண்ணீர் பொண்டு ஓடையின் வாசல்வரை வந்து, சாத்திய கதவைப் பார்த்த விருந்தாளி மாதிரி ஒரு நிமிஷம் நின்று, திரும்பிப் போனது. மறுநாளும் வந்து திரும்பியது. மூன்றாம் நாள் சேறு வெளுத்து, இறுகி, சாம்பல் நிறத்தில் தளம் போட்டதுபோல ஆகிவிட்டது, மேலே வண்டித் தடம் அகலத்துக்குக் கரணையின் கோடுகள், நடுவில் இருநூறு அடி நீளத்துக்கு ஒரு வலது கால் தடம், ஐந்து விரலும் குதிகாலும் தெளிவாக, இரண்டாம் விரலில் ஒரு பக்கம் நசுங்கிய மெட்டியின் வளையம். அஞ்சலாட்சி குனிந்து தன் காலைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அவள் நாத்தனார் தனபாக்கியமும் அந்தக் காலைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள், மறுபடி காலைப் பார்த்தாள்.

வடகரை ஊரார் அந்த வெள்ளிக்கிழமையே மூங்கில் நட்டு வேலி போட்டுவிட்டார்கள். பாதத்தம்மன் என்று பெயர் வைத்து, மஞ்சள் துணி கட்டி, மணி தொங்கவிட்டு, மைக் செட் கட்டி, குழந்தை இல்லாதவர்கள் கட்டைவிரல் பள்ளத்திலும் கால் நோவு உள்ளவர்கள் குதிகால் பள்ளத்திலும் மழைத்தண்ணீர் எடுத்துத் தெளித்துக்கொள்ளலாம் என்று முறை வகுத்தார்கள். வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். ஓடைக்குடிப் பெண்கள் போய் எட்டிப் பார்த்தபோது வேலிக்குக் காவல் நின்றவன் கையை நீட்டித் தடுத்தான்.

"சேத்துக் காலோட உள்ள வராதீங்க. தீட்டு."

"ஒங்க அம்மன் மட்டும் பஞ்சு மெத்தையிலயா கால வெச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிய தனபாக்கியம், வீடு வந்து சேருகிறவரை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது, வந்தது நிற்கவில்லை. "ஊரு பூரா எங்க வூட்டு மருமவ கால்ல வுழுந்து கெடக்குதுடி அஞ்சல, நமக்குத்தான் நம்ம காலத் தொட வழியில்ல."

வடகரைக்காரர்கள் சின்ன ஆற்றின் சங்கதியைச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். நாட்டார் ஒரு குலை இளநீரோடு கொட்டகைக்கு வந்து, "சார், அஞ்சாம் ஓடை வாயில மேடு தட்டுது, கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்க" என்றார். சுதாகர் மண் ஏன் படிகிறது என்று அரைமணி நேரம் படம் போட்டு விளக்கிவிட்டு இளநீரைக் குடித்தார். அதற்குப் பிறகு அவர்கள் அவரிடம் போகவில்லை, அவர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து அவளிடம் வந்தார்கள். அதுவரை ஏய் ஓடைக்குடி என்று கூப்பிட்டவர்கள், "அம்மாடி அஞ்சலாட்சி, ரெண்டாம் ஓடை வளைவுல ஒரு தேய் தேய்ச்சு விடு தாயி" என்றார்கள், ஆனால் வாசலிலேயே நின்றுதான் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தேய்ப்பாள். மறுநாள் அவர்கள் படகு தடங்கலில்லாமல் போகும். ஒருநாள் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கையில் இலை பொறுக்கக் குனிந்தவளுக்கு, தூளியில் பிள்ளை சிணுங்கிய சத்தத்தில் மார் கசிந்து, இரண்டு சொட்டு ஆறாம் ஓடையில் விழுந்துவிட்டது. அடுத்த ஏத்தத்தில் பெரிய ஆறாம் ஓடை நுங்குத் தண்ணீர் நிறத்தில் நுரைத்து வந்தது, இறால் பெருவிரல் பருமனில் விழுந்தது, வடகரையில் மூன்று நாள் அள்ளினார்கள், அம்மன் பால் சுரந்தாள் என்று பொங்கல் வைத்தார்கள். யார் பங்குப் பால் அது என்று கேட்க வேண்டிய ஒரே ஆள் தூளிக்குள் கிடந்தது, அதற்குப் பேச்சு வரவில்லை.

ஓடைக்குடியில் ஒவ்வொரு அடுப்பாக அணைந்தது. இறால் தலையைத் தட்டிப்போட்டுக் குழம்பு வைத்த சட்டிகளில் வெறும் புளித்தண்ணீர் கொதித்தது, பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் வற்றியது, கூரையில் தொங்கிய பறிகளை எலி கடித்தது. பெண்கள் பொறுக்க முடியாமல் ஏழாம் ஓடையின் ஓரத்தில் இறங்கிப் பார்த்தார்கள். அன்று மத்தியானம் தனபாக்கியம் கொட்டகைக்குள் நேராக வந்து, ஆற்றுக்குள் குந்தியிருந்த அஞ்சலாட்சியின் முன்னால் கிழிந்த பறி ஒன்றைத் தூக்கிப் போட்டாள்.

"பாரு. பாடு இல்லாதவளுக்கு இங்க என்னா வேலைன்னு வாயில கவ்வியிருந்ததப் புடுங்கிக் கிழிச்சிட்டானுங்க. முன்பல்லு ஆடுது. ஊரானுக்கெல்லாம் ஓடை ஓடையாத் தேய்ச்சு வுடுறியே, ஒன் ஓடைய மட்டும் ஏண்டி மறந்த?"

"மறக்கல அண்ணி. அத வெக்கவே இல்ல. சிமெண்டு போட்டு மூடிட்டாங்க."

"வெக்கலன்னு வாயத் தொறந்து சொல்லு. இங்க என்னா எறாலா புடிக்கிற, இன்னமும் ஒன் வாயில பறி இருக்கா?"

அன்று அஞ்சலாட்சி இரண்டு தடவை எழுந்து சுதாகரின் மேஜைவரை போனாள், இரண்டு தடவையும் மேஜையைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள். மூன்றாவது தடவை, மேஜை ஏற்கெனவே துடைத்தாகிவிட்டதால், வேறு வழியில்லாமல் வாய் திறந்தாள்.

"சார், ஒண்ணு வுட்டுப்போச்சு."

"என்னம்மா, டிபன் டப்பாவா?"

"ஓடை சார்."

அவர் சிரிக்கவில்லை, எழுந்து வந்தார், அவள் காட்டிய இடத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தார், செல்போனை எடுத்து இரண்டு விரலால் ஒரு படத்தை அகட்டினார். "பாரும்மா, போன வாரம் வானத்துலேருந்து எடுத்தது. எங்கயாவது ஓடை தெரியுதா?" படத்தில் சாம்பல் நிறத்தில் தரை, நடுவில் ஒரு கால். "இந்தக் குட்டை தெரியுது பாரு, கால் மாதிரி. இது கூட நம்ம மாடல்ல அப்படியே இருக்கு, இதோ." சிமெண்டில் இருந்த குதிகால் தடத்தின்மேல் பெருமையாக விரலை வைத்தார்.

"அது என் காலு சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், ஏதோ தமாஷ் சொல்கிறாள், ஆறு மாதத்தில் முதல் தடவையாகத் தமாஷ் சொல்கிறாள் என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

"முன்னாடி ஓடை இருந்துச்சு சார். நாங்க எறங்கித்தான் எறாலு..."

"பழைய படமும் பார்த்துட்டேன்மா, அப்போ அங்க ஒரே புதரு, ஒண்ணும் தெரியல. அதான் ஊர்ப் பெரியவங்களக் கேட்டுப் போட்டோம். இப்போ மாடல்லயும் இல்ல, அங்கயும் இல்ல, ரெண்டும் சரியாப் போச்சு. இப்பப் போய் ஒரு ஓடைய வெட்டினா மாடல் தப்பாயிடும்மா, அவ்வளவு உழைப்பும் வீணு. புரியுதா?"

"சரி சார்" என்றாள் அஞ்சலாட்சி. அவள் சொல்லவில்லை, அவள் வாய் சொன்னது. யார் என்ன கூப்பிட்டாலும் என்ன கேட்டாலும் அவளுக்கு முந்திக்கொண்டு அவள் வாய் சரி என்றோ இதோ வந்துட்டேன் என்றோ சொல்லிவிடும், பிறகு உடம்பு அதன் பின்னால் போகும், தாலி கட்டினதிலிருந்தே அப்படித்தான்.

மறுநாள் தனபாக்கியம் கல்லில் ஒட்டிய ஆளிச் சிப்பியைப் பெயர்க்கிற சின்ன உளியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அஞ்சலாட்சி அதைத் தூளிக்குள் பிள்ளையின் காலடியில் வைத்துக் கொண்டுவந்தாள். சுதாகர் ஒன்பதரைக்கு வருவார், அவள் ஏழு மணிக்கே வந்தாள். ஓடைக்குடி இருக்க வேண்டிய பக்கத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தாள். இருக்க வேண்டிய பக்கம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் வடகரை வீடுகளுக்கு மஞ்சள் கட்டம் கட்டமாகப் பெயிண்ட் அடித்து, கோயிலுக்குக் கோபுரம் கூட வரைந்திருந்தவர்கள் தென்கரையில் ஒன்றும் வரையவில்லை, வெறும் சிமெண்ட், அதில் எங்கே தன் வீடு, எங்கே அண்ணி வீடு, எங்கே பிள்ளைகள் மூத்திரம் பெய்கிற பூவரசமரம் என்று அவளே நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு விரல் கூடுதலாக இழுத்தால் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். ஒரு விரல் குறைந்தால் தண்ணீர் வந்து சேராது. முதல் நாள் நான்கு விரற்கடை சுரண்டினாள். அடுத்த ஏத்தத்தில் ஓடைக்குடிக்குக் கீழே இறுகிக் கிடந்த தரை பிளந்து ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது, பரசு அதன் ஓரத்திலிருந்து வீட்டு வாசல்வரை எட்டு வைத்து அளந்து வந்து, "பதினாறு எட்டு. இன்னும் இந்தப் பக்கம் வராத. கெழக்கால போ" என்றான். அவ்வளவுதான் பேச்சு. ஓடைக்குடியில் எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கூரையில் தொங்கிய பறிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின, கிழிந்த இடத்தில் புது ஓலை வைத்து முடைந்தார்கள்.

இரண்டாம் நாள் ஒரு முழம். மூன்றாம் நாள் ஒன்றரை முழம், அன்று உளி குதிகாலுக்குள் நுழைந்தது. அடுத்த ஏத்தத்தில் பாதத்தம்மனின் குதிகாலில் வெடிப்பு விழுந்து மழைத்தண்ணீரெல்லாம் அதில் இறங்கிவிட, வடகரையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தீட்டுப்பட்ட யாரோ ஒருத்தி வேலி தாண்டி உள்ளே கால் வைத்துவிட்டாள் என்று நாட்டார் சொன்னார். சொன்னதில் தப்பில்லை. ஓடைக்குடிப் பெண்கள் அந்தப் பக்கமே நடக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதி, ராத்திரிக் காவலுக்கு நாலு பேரைப் போட்டார்கள், நாலு பேரும் வேலிக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்க, நான்காம் நாள் வெடிப்பு அவர்கள் முதுகுக்குப் பின்னால் உள்ளங்காலைக் கடந்து பெருவிரல்வரை போனது. அந்த மூலையில் அளவுகோல் எதுவும் இல்லாததால் சுதாகர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இன்றைக்கு மிச்சம் நான்கு விரற்கடை. பெருவிரலின் நுனிக்கும் ஆற்றுக்கும் நடுவில் நான்கே விரற்கடை சிமெண்ட்.

ஆற்றைத் தேய்த்து முடித்து, நாரை வாளிக்குள் போட்டுவிட்டு, அஞ்சலாட்சி தூளிக்குள் கையை விட்டாள். பிள்ளை உளியின்மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கியது, காலை மெதுவாக நகர்த்தி எடுத்தாள். இந்நேரம் ஓடைக்குடியில் எல்லோரும் காய்ந்த பள்ளத்துக்குள் இறங்கியிருப்பார்கள், நாற்பது பெண்களில் சூளைக்குப் போனது போக மிச்சமிருக்கிற இருபத்தெட்டு பேர், பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கிழக்கே பார்த்துக்கொண்டு, முன்பல் ஆடுகிற தனபாக்கியம் கடைவாயில் கவ்விக்கொண்டு. பரசு மேட்டில் பாய்ச்சுருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அடுத்த ஏத்தம் பதினொன்றரைக்கு, வேன் பன்னிரண்டுக்கு.

உளியை வைத்துக் கூழாங்கல்லால் தட்டினாள். தன் பெருவிரலைத் தானே வெட்டுகிற மாதிரி இருந்தது, வலித்ததா என்று குனிந்து காலைப் பார்த்தாள், மெட்டி போட்ட விரல் அசையாமல்தான் இருந்தது. ஒரு விரற்கடை பெயர்ந்தது, உள்ளே மணல், மணலை ஊதினாள். இரண்டாவது விரற்கடை கல்லாக இருந்தது, மேஸ்திரி அந்த இடத்தில் கலவையை அள்ளிப்போட்டிருந்தார், உளி வழுக்கி இடது கைக் கட்டைவிரலைக் கீறியது, ரத்தம் ஆற்றில் விழாமல் வாயில் வைத்து உறிஞ்சினாள், ரத்தம் விழுந்தால் பெரிய ஆறு எந்த நிறத்தில் வரும், அதற்கு என்ன அம்மன் பெயர் வைப்பார்கள் என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவதும் உதிர்ந்தது. மணி ஒன்பதே முக்கால், ஒன்பதரைக்கு வருகிற சுதாகர் இன்றைக்கு ஆபீசர்களை எதிர்கொள்ள ரோட்டுக்குப் போயிருந்தார். வெளியே ரோட்டில் கார் சத்தம், ஒன்றல்ல, மூன்று நான்கு, நாட்டார் ஏற்பாடு செய்த மேளம் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து நின்றது, யாரோ மாலை எங்கே மாலை எங்கே என்று கேட்டார்கள். நான்காவது விரற்கடையில் பாதியும் உதிர்ந்து, இப்போது ஆற்றுக்கும் ஓடைக்கும் நடுவில் நகக்கண் அகலத்துக்கு ஒரு விளிம்பு மட்டும் நின்றது, தட்டினால் ஒரே தட்டு, தட்டாமல் விட்டால் அங்கே அது நாலு ஆள் அகலத்துக்குக் கருங்கல் மதிலாக என்றைக்கும் நிற்கும், அதற்கு இந்தப் பக்கம் தண்ணீர் வந்து வந்து திரும்பும். அதன்மேல் உளியை நேராக வைத்து அவள் கல்லை ஓங்கினாள்.

"அஞ்சலாட்சி! எங்கம்மா இருக்க? ஆபீசருங்க வந்துட்டாங்க, சீக்கிரம் வா, நாற்காலியத் தொடைச்சுப் போடு" என்று வாசலிலிருந்து சுதாகர் கூப்பிட, "இதோ வந்துட்டேன் சார்" என்று அவள் வாய் எப்போதும்போல அவளைக் கேட்காமலே முந்திக்கொண்டு சொல்லிவிட, கால் இரண்டும் அந்தச் சொல்லுக்குப் பணிந்து எழுந்திருக்கப் பார்க்க, ஓங்கிய கை மட்டும் அந்தச் சொல்லைக் கேட்காமல் உளியின்மேல் இறங்கியது.